பழைய புல்லட்டில் கோளாறு: எஞ்சினிலா, கிளட்சிலா?

வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350 ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க முனைபவர்களில் பலர், வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். சத்தம் வருகிறது, இழுவை இல்லை, நிற்கும்போது அணைந்துவிடுகிறது என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் உண்மையானவையே. ஆனால் அந்தக் குறைகளில் கணிசமானவை எஞ்சினுக்குள் பிறப்பதில்லை. இடப்பக்கத்து பிரைமரி கவருக்குள், கிளட்சிலும் அதை இயக்கும் செயினிலும் பிறந்து எஞ்சின் கோளாறு போலத் தோற்றம் காட்டுகின்றன. ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே கோளாறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி என்பது என் கருத்து. கழற்றுவதும் மாட்டுவதும் அதன்பின் எளிதாகவே நடக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு வண்டியின் அமைப்பே காரணம். புல்லட்டின் எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனி வார்ப்புகள். இரண்டையும் இணைப்பது பிரைமரி செயின். கிராங்க் ஷாஃப்டின் இடது முனையில் ஆல்டர்னேட்டரும் எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் இருக்க, செயினின் மறுமுனையில் ஆயிலில் நனைந்தபடி கிளட்ச் இருக்கிறது. கிக்கரை மிதிக்கும்போது அந்த விசை நேரடியாக எஞ்சினுக்குப் போவதில்லை. அது கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டுக்குச் சென்று, அங்கிருந்து கிளட்ச் வழியாகவும் செயின் வழியாகவும் கிராங்கை அடைகிறது. எனவே கிளட்ச் நழுவினால் ஸ்டார்ட் செய்வதிலேயே சிக்கல் தெரியும். கிளட்ச் விடாமல் பிடித்துக்கொண்டால் எஞ்சின் ஐட்லிங்கில் நில்லாமல் அணையும். செயின் தளர்ந்தால், கனெக்டிங் ராடு கிராங்கைப் பற்றும் இடமான பிக் எண்ட் போய்விட்டதோ என்று அஞ்சும்படி இடிக்கும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன்பின் திருவொற்றியூரில் உருவான இந்த எஞ்சின், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அடிப்படை மாறாமல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெளிவந்தது. அடிப்படை மாறாததால் ஒரு காலகட்டத்தின் உதிரிபாகம் இன்னொரு காலகட்டத்து வண்டியில் எப்படியாவது உட்கார்ந்துவிடும். உங்கள் கையில் இருப்பது 1970-களின் வண்டியாக இருந்தாலும் அதன் கிளட்ச் 1990-களைச் சேர்ந்ததாகவும், கார்புரேட்டர் வேறொன்றாகவும் இருக்கக்கூடும். ஆகவே கீழே தரும் அளவுகளை உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய சர்வீஸ் மேனுவலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கருவிகளைப் பொறுத்தவரை, பழைய வண்டிகளில் பல போல்ட்டுகளும் நட்டுகளும் பிரிட்டிஷ் அளவைச் சேர்ந்தவை. ஏறக்குறையப் பொருந்துகிறது என்று மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும்; முந்தைய சொந்தக்காரர்கள் அந்த வேலையை ஏற்கெனவே பாதி செய்து முடித்திருப்பார்கள்.

நெடுநாள் நின்ற வண்டியை அசைத்தல்

ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியை வந்ததும் கிக்கர் அடித்துப் பார்க்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஊற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். பிஸ்டன் ரிங்குகள் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் சக்கரம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கெட்டியாக நின்றுவிடும். அப்போது பலத்தைக் கூட்டாமல் மேலும் ஆயில் விட்டுப் பொறுத்திருப்பதே நல்லது. கிக்கர் மேல் ஏறி நின்று மிதித்து விடுவிக்கப்பட்ட எஞ்சின்களில் ரிங் உடைந்திருப்பதும், சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருப்பதும் மிகச் சாதாரணம்.

எஞ்சின் சுழல்கிறது என்று தெரிந்தபின் ஆயிலைக் கவனிக்க வேண்டும். புல்லட்டின் ஆயில் டாங்க் தனியாக இல்லை. கிராங்க் கேஸ் வார்ப்பின் பின்பகுதியே டாங்க். அதிலிருந்து ஒரு பம்ப் ஆயிலைக் கிராங்குக்கு அனுப்புகிறது; இன்னொரு பம்ப் கீழே வடிந்ததைத் திரும்ப எடுத்து, ராக்கர்களுக்கும் டாங்குக்கும் சேர்க்கிறது. வண்டி பல மாதங்கள் நின்றால் ஆயில் பம்பைக் கடந்து சிறிது சிறிதாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவாகத் தெரிகிறது என்று மேலே ஊற்றினால், ஸ்டார்ட் ஆனவுடன் தெரு முழுவதும் நீலப் புகையாகும். கிராங்க் கேஸின் காற்றை வெளியேற்றும் பிரீதர் வழியாக ஆயில் பீறிடும். ரிங் போய்விட்டது என்று யாரேனும் உடனே தீர்ப்புச் சொல்வார்கள். ஆகவே எஞ்சினின் அடியிலுள்ள டிரெயின் பிளக்குகளைத் திறந்து பழைய ஆயிலை முழுவதுமாக வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, புதிய ஆயில் ஊற்றிய பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்லுங்கள். இந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஆயிலைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்.

பழைய புல்லட்களின் பிக் எண்டில் ரோலர் பேரிங் கிடையாது. மிதக்கும் புஷ் தான் இருக்கும். அது ஆயில் படலத்தின் மேல் சுழல்வதால், காய்ந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு விநாடியும் தேய்மானமே. எனவே பிளக்கைக் கழற்றி வைத்தபடியே, சிலிண்டரின் அழுத்தத்தை (கம்ப்ரஷனை) வெளியேற்றும் சிறு வால்வான டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைப் பலமுறை நிதானமாக மிதித்து ஆயிலை ஏற்றிவிட வேண்டும். வலப்பக்க டைமிங் கவரில் கிராங்க் முனைக்கு எதிரே இருக்கும் ஃபீட் பிளக்கைச் சற்றுத் தளர்த்தினால் அங்கே ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் பம்ப் ஆயிலைத் தள்ளவில்லை. அதைச் சரிசெய்யாமல் ஸ்டார்ட் செய்வதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்

இங்கேதான் முதல் பிரித்தறிதல் தேவைப்படுகிறது. கிக்கரை மிதிக்கும்போது கால் எதிர்ப்பே இல்லாமல் கீழே போனால் கம்ப்ரஷன் இல்லை என்று முடிவுகட்டுவது வழக்கம். ஆனால் அதே உணர்வைக் கிளட்ச் நழுவலும் தரும், கிக்கரின் ராச்சட் பல் தேய்ந்திருந்தாலும் தரும். டக்கென்ற ஓசையோடு திடீரென நழுவினால் அது பெரும்பாலும் ராச்சட். ஓசையின்றி வழுக்கிக்கொண்டே கால் கீழே இறங்கினால் கிளட்சைச் சந்தேகிக்கலாம். ஐயம் இருந்தால் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தைச் சுழற்றி, பிளக் துளையை விரலால் அடைத்துப் பாருங்கள். விரலைத் தள்ளும் அளவுக்குக் காற்று வந்தால் எஞ்சினில் உயிர் இருக்கிறது, குறை வேறிடத்தில்.

கம்ப்ரஷன் உண்மையிலேயே குறைவு என்றால், முதலில் பார்க்க வேண்டியது டிகம்ப்ரஷர் கேபிள். அதில் தளர்வே இல்லாமல் இழுத்துக் கட்டப்பட்டிருந்தால் அந்தச் சிறு வால்வு எப்போதும் சற்றுத் திறந்தே இருக்கும். அடுத்தது வால்வுகளை இயக்கும் டேப்பெட். சிலிண்டரின் வலப்பக்கத்திலுள்ள சிறு கவரைத் திறந்தால் புஷ் ராடுகளின் அடிப்பகுதியும் அட்ஜஸ்டர்களும் தெரியும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல்முனையில் பிஸ்டனை நிறுத்தி, ஒவ்வொரு புஷ் ராடும் விரலால் தடையின்றிச் சுழலும்படியும், அதே நேரத்தில் மேலும் கீழும் ஆட்டம் இல்லாதபடியும் அமைக்க வேண்டும். இதற்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை. சுழலவே முடியாத அளவுக்கு இறுகியிருந்தால் வால்வு முழுவதும் மூடாது. கம்ப்ரஷனும் இருக்காது, நாளடைவில் எக்சாஸ்ட் வால்வும் கருகிவிடும். இவை இரண்டும் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் வரவில்லை என்றால், பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் சோதியுங்கள். ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன; ஏறாவிட்டால் வால்வு சீட்டிங்கையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். ஹெட்டைக் கழற்றும் முடிவை இந்தச் சோதனைக்குப் பின்பே எடுங்கள்.

மின்பொறியைப் பார்க்க ஆம்மீட்டரே நல்ல துணை. இக்னிஷனைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தும்போது, காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட் மூடியிருக்கையில் முள் கழித்தல் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லை என்றால் பாயிண்ட் அழுக்கடைந்திருக்கலாம், அல்லது காயிலுக்கு மின்சாரம் வராமல் இருக்கலாம். எப்போதும் சாய்ந்தே இருந்தால் பாயிண்ட் திறப்பதில்லை. பாயிண்ட் இடைவெளி முழுத் திறப்பில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரையிலும், பிளக் இடைவெளி ஏறக்குறைய 0.5 மி.மீ. அளவிலும் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பாயிண்டில் பளிச்சென்ற நீலப்பொறி தொடர்ந்து தெரிந்தாலும், புதிய பாயிண்ட் விரைவில் குழி விழுந்து கருகினாலும் கண்டென்சரை மாற்றுங்கள். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, அரை மணி நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டியில் கண்டென்சரையும் காயிலையும் மாற்றிப் பார்ப்பது, கார்புரேட்டரை நோண்டுவதைவிடப் பயன் தரும். ஒரு சிறு எச்சரிக்கை: எஞ்சின் ஓடாதபோது இக்னிஷனைப் போட்டபடியே விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

இக்னிஷன் டைமிங்கில் மட்டும் அவசரம் ஆகாது. 350 எஞ்சினுக்கு, வேகம் ஏறும்போது மின்பொறியை முந்தச் செய்யும் அட்வான்ஸ் எடைகள் முழுவதும் உள்வாங்கிய நிலையில், பிஸ்டன் மேல்முனையை அடைவதற்கு ஏறக்குறைய 0.8 மி.மீ. முன்பாகப் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். இதில் தவறு நேர்வது இயல்பே, ஏனெனில் மேல்முனைக்கு அருகில் கிராங்க் சில டிகிரி சுழன்றாலும் பிஸ்டன் நகர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. போதாக்குறைக்குப் பிளக் துளை சாய்வாக இருப்பதால் உள்ளே விட்ட கம்பி சிக்கி வளையும். எஞ்சின் சுழலும் திசையிலேயே பிஸ்டனைக் கொண்டுவந்து நிறுத்துவது முக்கியம். கடந்துபோய்விட்டால் அப்படியே சற்றுப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்காமல், நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னோக்கி வர வேண்டும். இல்லாவிட்டால் கியர்களின் பல் இடைவெளி கணக்கைக் கெடுத்துவிடும். கிக்கர் திரும்பி உதைத்தால் டைமிங் முந்தியிருக்கிறது என்று பொருள். அல்லது அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்து, எடைகள் எப்போதும் விரிந்தே நிற்கின்றன. பிந்தைய காரணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. புல்லட்டின் உதை கணுக்காலை முறிக்கக்கூடியது என்பதால் இதைச் சரிசெய்யாமல் தொடர வேண்டாம்.

பெட்ரோல் பக்கத்தில் சொல்ல அதிகமில்லை. சோக் போட்டால் ஓடி, எடுத்தால் அணையும் எஞ்சினில், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் காற்று புகும். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சினால் ஓட்டத்தில் மாற்றம் தெரியும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது; பழைய ரப்பர் டியூபும் பெட்ரோல் டேப்பின் வாஷர்களும் அதற்கெனச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றை மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

புகை, கசிவு, சத்தம்

நீலப் புகை எப்போது வருகிறது என்பதே அதன் காரணத்தைச் சொல்லும். ஸ்டார்ட் செய்தவுடன் சில நிமிடங்கள் மட்டும் வந்தால் முன்பு சொன்ன ஆயில் இறக்கம். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி வந்து மறுபடி திறக்கும்போது வந்தால் வால்வு கைடு. முறுக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்கும் போரும். எல்லா இணைப்புகளிலும் ஒரே நேரத்தில் ஆயில் கசிந்தால் கேஸ்கெட்டுகளைக் குறை சொல்லும் முன் கிராங்க் கேஸ் பிரீதரைப் பாருங்கள். அதன் ரப்பர் வாய் கிழிந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைக் கிடைத்த வழியிலெல்லாம் வெளியே தள்ளும்.

சத்தத்தை இடம் பிரிக்க நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அதன் முனையை எஞ்சினில் வைத்துக் கைப்பிடியைக் காதருகில் வைத்துக் கேட்கலாம். ஐட்லிங்கில் இடப்பக்கத்திலிருந்து ஒழுங்கற்ற இடிப்பு வந்து, கிளட்ச் லீவரை அழுத்தியதும் அது மாறினாலோ குறைந்தாலோ, கிளட்ச் டிரம்மின் பேரிங்கையோ பிரைமரி செயினையோ சந்தேகியுங்கள். லீவரை அழுத்தியும் மாறாமல், பாரம் ஏறும்போது அடியிலிருந்து கனமாக இடித்தால் பிக் எண்டைச் சோதிக்க வேண்டும். சிலிண்டரைக் கழற்றிக் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள்: செங்குத்தான ஆட்டம் தெரிந்தால் அது தேய்மானம். பக்கவாட்டில் சற்று நகர்வது இயல்பானது. அதைக் கண்டு கிராங்கைப் பிரிக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் மறையும் தட்டல் பெரும்பாலும் பிஸ்டனின் உரசல். புகையும் இல்லை என்றால் அதோடு பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடலாம்.

கிளட்ச்: வெளியிலிருந்தே செய்யக்கூடியவை

கிளட்சில் கோளாறுகள் இரண்டே வகை. ஒன்று நழுவும், மற்றொன்று விடாது. நழுவும் கிளட்சை மேடு ஏறும்போது மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாகத் திறந்து பார்த்தால் அறியலாம்: எஞ்சின் ஓசை உயரும், வண்டியின் வேகம் உயராது. இழுவை போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து போர் செய்ய வேண்டும் என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் இந்தச் சோதனையை முதலில் செய்வது நல்லது. விடாத கிளட்ச், நின்ற இடத்தில் முதல் கியர் போடும்போது டமார் என்று வண்டியை முன்னே தள்ளும். சிக்னலில் லீவரைப் பிடித்திருந்தும் வண்டி ஊர்ந்து, எஞ்சின் அணையும். நியூட்ரல் கிடைக்கவே கிடைக்காது. ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகித் திருகி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எஞ்சின் அணையாமல் இருக்கும். ஆனால் வேகமான ஐட்லிங்கில் கியர் போடுவதால் கியர்பாக்ஸ் அடி வாங்கும்.

இரண்டு வகைக்கும் முதல் சோதனை ஒன்றே. கிளட்சை விடுவிக்கும் புஷ் ராடு கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்டின் நடுத்துளை வழியாக வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் செல்கிறது. அதன் அட்ஜஸ்டர் கியர்பாக்ஸ் வெளிக்கவரிலுள்ள சிறு மூடிக்குப் பின்னால் இருக்கிறது. கேபிளுக்குத் தனியாக ஓர் அட்ஜஸ்டர் உண்டு. கேபிளை மட்டும் இழுத்துச் சரிசெய்துகொண்டே வந்தால், உள்ளேயிருக்கும் லீவர் சரியான கோணத்தை இழந்து, கையால் எவ்வளவு அழுத்தினாலும் போதிய தூக்கல் கிடைக்காது. ஆகவே முதலில் கேபிளை முழுவதும் தளர்த்துங்கள். பிறகு மூடியைத் திறந்து, பூட்டு நட்டை விடுவித்து, அட்ஜஸ்டர் ஸ்க்ரூவை ராடைத் தொடும் வரை மெல்லத் திருகி, தொட்டதும் சற்றுப் பின்வாங்கி, அந்த நிலையிலேயே பூட்டு நட்டை இறுக்குங்கள். அதன்பின் கேபிளை, கைப்பிடி லீவரின் முனையில் 2 முதல் 3 மி.மீ. ஆட்டம் மிஞ்சும்படி அமையுங்கள். ஆட்டமே இல்லாத கிளட்ச் எப்போதும் பாதி அழுத்தப்பட்டது போலவே இருக்கும். அது நழுவும், ராடின் முனைகளையும் காளான் போல் விரியச் செய்துவிடும். அப்படி விரிந்த ராடு ஷாஃப்டிலிருந்து வெளியே வர மறுக்கும்.

அடுத்தது பிரைமரி கவரிலுள்ள ஆயில். எந்த ஆயில், எவ்வளவு என்ற இரண்டுமே முக்கியம். கார் எஞ்சின்களுக்கெனத் தயாரிக்கப்படும் சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருக்கும். அவை பிளேட்டுகளில் ஊறினால் புதிய கிளட்சும் நழுவும். நனைந்த கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லெவல் பிளக்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். நீங்கள் சரியாக ஊற்றியும் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் லெவல் உயர்ந்திருந்தால், எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலுள்ள ஆயில் சீல் தேய்ந்து, எஞ்சின் ஆயில் பிரைமரிக்குள் வருகிறது. கிளட்ச் நழுவலுக்கு எஞ்சின் பக்கத்துக் காரணம் இருக்கும் அரிதான இடம் இது. சீலை மாற்றாமல் பிளேட் மாற்றினால் பணம் வீண்.

நெடுநாள் நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது கோளாறே அல்ல. இக்னிஷனைப் போடாமல், கிளட்ச் லீவரை முழுவதும் அழுத்திப் பிடித்துக் கிக்கரை மிதியுங்கள். ஒட்டியிருக்கும் வரை எஞ்சினும் சேர்ந்து சுழல்வதால் கம்ப்ரஷன் எதிர்ப்பு காலில் தெரியும். விடுபட்டதும் கிக்கர் தனியாக இறங்கும். நன்றாக இயங்கும் புல்லட்டிலும் ஒவ்வொரு காலையும் ஸ்டார்ட் செய்யுமுன் இப்படி இரண்டு மூன்று முறை செய்வது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். அதற்கும் விடுபடவில்லை என்றால் லீவரை ஒரு கயிற்றால் ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டி இரவு முழுவதும் விட்டுப் பாருங்கள்.

கவரைத் திறந்த பிறகு

இவ்வளவுக்குப் பின்னும் குறை நீடித்தால் பிரைமரி கவரைத் திறக்கலாம். கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் விலக்கினால் போதும். வெளிக்கவரை நடுவிலுள்ள ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. திரும்ப மாட்டும்போது கசிவை நிறுத்துவதாக எண்ணி அந்த நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் கவர் வளைந்து கசிவு அதிகமாகும். கசிவை நிறுத்த வேண்டியது ரப்பர் சீலும் சுத்தமான விளிம்பும்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒருவரை லீவரை அழுத்தச் சொல்லி, பிரஷர் பிளேட் எப்படி எழுகிறது என்று பாருங்கள். அது சுற்றிலும் ஒரே சீராக வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால், பிளேட்டுகளில் ஒரு பகுதி எப்போதும் ஒட்டியே இருக்கும். நியூட்ரல் கிடைக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஸ்பிரிங் ஸ்க்ரூக்களைச் சிறுகச் சிறுகத் திருகி, லீவரை அழுத்தியபடி கிக்கரை மெல்லச் சுழற்றும்போது பிளேட் தள்ளாடாமல் சுழலும் வரை சரிசெய்யுங்கள். புதிய பிளேட் செட் வாங்கிப் போடுவதைவிட இந்த அரை மணி நேர வேலை அதிகப் பலன் தரும். ஆனால் பொறுமை தேவைப்படுவதால் இதைச் செய்பவர்கள் குறைவு.

பிளேட்டுகளை வெளியே எடுத்தால் மாட்டியிருந்த வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். எஃகு பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தடித்த கண்ணாடியின் மேல் வைத்து ஓரத்தை விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் அது வளைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். உராய்வுப் பிளேட்டுகள் கண்ணாடி போல் மினுங்கினால், தடிமன் இன்னும் இருக்கும் நிலையில், உப்புத்தாளால் மினுக்கத்தை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். டிரம்மின் காடிகளை விரலால் தடவினால், பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து ஏற்படுத்திய பள்ளங்கள் தெரியும். லீவரை அழுத்தினாலும் பிளேட்டுகள் நகராமல் அந்தப் பள்ளங்களில் சிக்கி நிற்பதால் கிளட்ச் விடாது. பள்ளம் ஆழமில்லை என்றால் அரத்தால் காடிகளை நேராக்கலாம். ஆழமாக இருந்தால் டிரம்மை மாற்ற வேண்டும். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பழைய புல்லட்டுக்கான உதிரிபாகங்கள் கிடைக்கும். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் அருகருகே வைத்துப் பார்த்து வாங்குங்கள். வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லிக் கேட்டால், மேலே சொன்ன கலப்புக் காரணமாக, பொருந்தாத பாகம் கைக்கு வரும்.

டிரம்மைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். விளிம்பில் தெளிவாகத் தெரியும் தள்ளாட்டம் இருந்தால் நடு பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை எடுக்க டிரம்மும் எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் செயினோடு ஒன்றாகவே வெளிவர வேண்டும், ஏனெனில் இந்தச் செயினில் பிரிக்கும் இணைப்பு கிடையாது. அதற்கு முன் ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டரையும் ரோட்டரையும் கழற்றியாக வேண்டும். கிளட்ச் மையத்துக்குரிய புல்லரைப் பயன்படுத்துங்கள். இரண்டு ஸ்க்ரூடிரைவர்களால் நெம்பினால் உள்கவரின் அலுமினிய வார்ப்பு உடையும். திரும்ப மாட்டும்போது ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் இடையில் சுற்றிலும் ஏறக்குறைய 0.2 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். ஒரு பக்கம் உரசினால் சில நூறு கிலோமீட்டரிலேயே சார்ஜிங் போய்விடும். அதன் ஓசையும் எஞ்சின் சத்தமாகவே கேட்கும்.

கவரை மூடுவதற்கு முன் செயினின் தளர்வை அமையுங்கள். இரு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் நடுவில் ஏறக்குறைய 6 மி.மீ. மேலும் கீழும் ஆட வேண்டும். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. ஆகவே எஞ்சினைச் சுழற்றிச் சுழற்றிப் பல இடங்களில் பார்த்து, மிகவும் இறுக்கமான இடத்தில் இந்த அளவை வையுங்கள். தளர்வான இடத்தில் வைத்து அமைத்தால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கிராங்க் பேரிங்கும் கியர்பாக்ஸ் பேரிங்கும் இழுபடும். இறுக்கமான இடத்துக்கும் தளர்வான இடத்துக்கும் உள்ள வேறுபாடு அதிகமாகத் தெரிந்தால் செயினை மாற்றுவதே சிக்கனம்.

எல்லாவற்றையும் பூட்டிய பின் முதல் ஓட்டத்தை வீட்டுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி, எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கிப் பார்த்து, டேப்பெட்டை மறுபடி அமைத்து, கிளட்ச் கேபிளின் ஆட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். புதிய பிளேட்டுகள் படிய ஆரம்பித்ததும் அந்த ஆட்டம் குறைந்திருக்கும். சிலிண்டர் போர் செய்யப்பட்டிருந்தால் முதல் ஆயிலை 500 கிலோமீட்டருக்குள் வடித்துவிடுங்கள். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் மெல்லிய சாம்பல் நிறத் தூள் தெரியும். அது எதிர்பார்க்க வேண்டியதே. பித்தளை நிறத் துகள்களோ விரலில் உறுத்தும் அளவு எஃகுச் சில்லுகளோ தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, டைமிங் பக்கத்திலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.